மீயூடக வரையறைவழிக் கோரிக்கைகளும் மொழிபெயர்ப்பும்: மும்பைத் தமிழர் சூழலை முன்வைத்து

இணையத்தின்வழி ஒரு கணிப்பொறி மற்றொரு கணிப்பொறியிடம் ஒரு பணியைச் செய்து தருமாறு கேட்பதும், கேட்கப்பட்ட கணிப்பொறி விடை தருவதும் இன்று மொழிபெயர்ப்புத் துறையில் அன்றாட நிகழ்ச்சிகளாகிவிட்டன. மராத்தியிலுள்ள ஒரு பத்தியைத் தமிழாக்கிக் காட்டும் கைப்பேசிச் செயலி பெரும்பாலும் தானே மொழிபெயர்ப்பதில்லை. பத்தியை வேறோரிடத்திலுள்ள கணிப்பொறிக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் விடையைக் காட்டுகிறது. இவ்வாறு கேட்பதற்கென அமைந்த வாயில் 'பயன்பாட்டு இடைமுகம்' எனப்படும். கணிப்பொறியாளர் வழக்கில் ஏபிஐ. கேட்கும் கணிப்பொறியை வாங்கி என்றும், தரும் கணிப்பொறியை வழங்கி என்றும், கேட்கும் செய்தியைக் கோரிக்கை என்றும், வரும் செய்தியை மறுமொழி என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. வழங்கியிடம் எங்கே, எவ்வடிவில் கேட்க வேண்டும் என்பதை வாங்கி எவ்வாறு அறிந்துகொள்கிறது என்பதே இங்கு விளக்கப்படும் பொருள். இது பொறியியல் சார்ந்த வினாவாகத் தோன்றினும் இதன் நடுவில் இருப்பது சொற்பொருள் பற்றிய வினாவாகும்.

மனப்பாடமும் வாசிப்பும்

மும்பை மாநகராட்சியின் நிருவாகப் பிரிவில் தாராவி ஜி-வடக்கு வார்டைச் சேர்ந்தது. தமிழர் மிகுந்த கிழக்கு மாட்டுங்கா எஃப்-வடக்கு வார்டையும், செம்பூர் எம்-மேற்கு வார்டையும் சேர்ந்தவை. தாராவியிலிருந்து ஒருவர் ஒரு சான்றிதழ் பெற வார்டு அலுவலகத்திற்குச் செல்கிறார் எனக் கொள்வோம். முன்னரே சென்றுவந்த உறவினர் ஒருவர், மூன்றாவது சன்னலில் பணம் கட்டிவிட்டு மாடியில் ஏழாவது மேசைக்குப் போகுமாறு சொல்லி அனுப்பியிருக்கலாம். சன்னலும் மேசையும் இடம் மாறாதவரை இவ்வறிவு பயன்படும். மாறினாலோ, அதே வேலைக்குச் செம்பூர் வார்டு அலுவலகத்திற்குச் செல்ல நேர்ந்தாலோ, இது பயன்படாது. மற்றொருவர் எதையும் மனப்பாடம் செய்யாமல் வாயிற்பலகையை மட்டும் படித்து உள்ளே நுழைகிறார். முதல் சன்னலில் அவருக்கு ஒரு சீட்டு தரப்படுகிறது. அடுத்து எந்த மேசைக்குச் செல்வது, எந்தப் படிவத்தை நிரப்புவது, எவற்றை இணைப்பது, இறுதியில் என்ன கிடைக்கும் என்பன அச்சீட்டில் எழுதப்பட்டுள்ளன. மேசைகள் எத்தனை முறை இடம் மாறினாலும் இவருக்கு இடர் இல்லை.

முதலாமவர் முகவரிகளை அறிந்தவர். இரண்டாமவர் சொற்களை அறிந்தவர். இரண்டாமவருக்கு இன்றியமையாத ஒரு தகுதி உண்டு. சீட்டிலுள்ள 'கட்டணம்', 'மனு', 'நகல்' போன்ற சொற்களின் பொருள் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சீட்டு மராத்தியில் மட்டும் இருக்க, அவருக்கு மராத்தி தெரியாதெனில், மனப்பாடம் செய்தவரைவிட இவர் நிலை இரங்கத்தக்கதாகும்.

வழங்கியை அணுகும் வாங்கிகளும் இவ்விருவகையினவே. முகவரிகளை நிரலிலேயே எழுதிவைத்துக்கொள்ளும் வாங்கிகளே இன்றும் மிகுதி. ஒரே ஒரு நுழைவு முகவரியோடு தொடங்கி, ஒவ்வொரு மறுமொழியிலும் வரும் இணைப்புகளைப் படித்து அடுத்த கோரிக்கையை அமைத்துக்கொள்ளும் வாங்கிகள் இரண்டாம் வகையைச் சாரும். இம்முறையே மீயூடகவழிக் கோரிக்கை எனப்படுகிறது.

'மீயுரை', 'மீயூடகம்' ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களை 1965ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் டெட் நெல்சன். மேல், அப்பால் என்னும் பொருளுடைய கிரேக்க முன்னொட்டுக்குத் தமிழில் 'மீ' பொருந்தி அமைந்தது. எழுத்துத் தொடர் தன்னைக் கடந்து வேறொன்றைச் சுட்டி, அங்கே செல்லவும் வழிசெய்தால் அது மீயுரை. எழுத்தோடு படம், ஒலி, படிவம் முதலியனவும் சேரின் மீயூடகம். மனிதர் படிக்கும் வலைப்பக்கங்களில் இது பழகிப்போன ஒன்று. புகைவண்டிப் பயணச்சீட்டுப் பக்கத்தின் உள்முகவரிகளை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. கண்ணில் படும் இணைப்பையும் படிவத்தையும் பின்பற்றுகின்றனர். பக்கத்தின் உள்ளமைப்பு ஒரே இரவில் மாறினாலும் பயணி அதை உணர்வதில்லை.

மனிதருக்கு இயல்பாக உள்ள இவ்வழியை வாங்கி நிரல்களுக்கும் உரியதாக்க வேண்டும் என்பது ராய் ஃபீல்டிங்கின் கருத்து. வலையின் செய்திப் பரிமாற்ற நெறியான எச்.டி.டி.பி.யை வகுத்தோருள் ஒருவரான அவர், 2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், வலையின் கட்டமைப்பை 'ரெஸ்ட்' என்னும் பெயரால் விளக்கினார். ஒரு பணி எந்நிலையிலிருந்து எந்நிலைக்குச் செல்லலாம் என்பதை மீயூடகமே நடத்த வேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. அடுத்து வந்த ஆண்டுகளில் ரெஸ்ட் என்னும் பெயர் பரவிய அளவிற்கு இக்கூறு பரவவில்லை. 2008இல் அவரே இதைக் கண்டித்து எழுதினார். தொடக்க முகவரியும், பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட ஊடக வகைகளும் தவிர வேறெதையும் வாங்கி முன்னறிவாகக் கொண்டிருத்தல் கூடாது என்பது அவர் வாதம். இவ்வளவு கண்டிப்பைத் தொழில் உலகம் ஏற்கவில்லை. எனினும் வாங்கி எதை முன்னரே அறிந்திருக்க வேண்டும், எதை மறுமொழியிலிருந்து அறியலாம் என்னும் எல்லைக்கோட்டை அவர் தெளிவாக வரைந்தார். அக்கோடு மொழியியலாரின் கவனத்திற்குரியது.

அமைப்பு வரையறை

இணைப்பு மட்டும் போதாது. அங்கே எதைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். அதைச் சொல்வது 'ஸ்கீமா'. வடிவம், தோற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் இது. 'அமைப்பு வரையறை' என்பது இங்கு ஆளப்படும் தமிழ். ஒரு தரவில் என்னென்ன புலங்கள் இருக்கும், அவற்றுள் கட்டாயமானவை எவை, எழுத்தா எண்ணா, எத்தகைய மதிப்புகள் ஏற்கப்படும் என்பவற்றை இவ்வரையறை கூறும். ஜேசான் என்னும் தரவு வடிவத்திற்கு எழுந்த வரையறைமொழியின் நீட்சியாக 'ஜேசான் ஹைப்பர்ஸ்கீமா' அமைந்தது. இதில் ஒவ்வோர் இணைப்புக்கும் உறவுப்பெயர், நிரப்பப்பட வேண்டிய இடைவெளிகளோடு கூடிய முகவரி, அனுப்பத்தக்க தரவின் வரையறை, திரும்பிவரும் தரவின் வரையறை ஆகியவற்றைக் குறிக்கலாம். வரையறையைப் படிக்கும் பொதுவான நிரல் ஒன்று இருந்தால், எந்த வழங்கிக்கும் உரிய கோரிக்கையை அது தானே ஆக்கிவிடும். ஹெரோகு நிறுவனம் தன் இடைமுகத்தை இவ்வகை வரையறையாக வெளியிட்டு, அதிலிருந்தே வாங்கி நிரலை உருவாக்கும் கருவியையும் வழங்கியது. ஹைப்பர்ஸ்கீமா முறையான தரநிலையாக உயரவில்லை. 2019ஆம் ஆண்டின் வரைவோடு நின்றது. எல்லா முகவரிகளையும் முன்கூட்டியே பட்டியலிடும் ஓப்பன்ஏபிஐ முறையே இன்று மேலோங்கியுள்ளது. அதுவும் 2017இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் இணைப்புகளுக்கு ஓரிடம் ஒதுக்கியது.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு அமைப்பு வரையறை முற்றிலும் புதியதன்று. ஒரு தொழில் நிகழ வேண்டுமாயின் அதற்குரிய காரணங்கள் யாவை என வேற்றுமை பற்றிய பகுதியில் தொல்காப்பியம் எட்டாக எண்ணுகிறது. வினை, அதைச் செய்வது, செயப்படுவது, நிகழும் இடம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயன் கருதி என்பன அவை. பாணினியின் காரகக் கோட்பாடும், 1968இல் சார்லசு ஃபில்மோர் முன்வைத்த வேற்றுமை இலக்கணமும் இதே திசையில் செல்வன. 'மொழிபெயர்' என்னும் வினைக்கு மூலமொழி, இலக்குமொழி, பனுவல் ஆகிய மூன்றும் கட்டாயப் புலங்கள் என ஒரு வரையறை சொல்லும்போது, அது அவ்வினையின் தழுவுசொற்களையே பட்டியலிடுகிறது. தொல்காப்பியப் பட்டியலின் இறுதி இரண்டும், அதாவது யாருக்காக, என்ன பயன் கருதி என்பவை, கணிப்பொறி வரையறைகளில் அரிதாகவே காணப்படுகின்றன. மொழிபெயர்ப்பாளர் முதலில் கேட்கும் வினாக்கள் இவ்விரண்டே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

வினைகளைப் பொறுத்தவரை எச்.டி.டி.பி. மிகச் சிக்கனமானது. பெறு, இடு, மாற்று, நீக்கு எனச் சிலவற்றோடு அது நின்றுவிடுகிறது. மற்றெந்தப் பிரிவிலும் அடங்காத செயல்கள் யாவும் 'இடு' என்னும் பொருளுடைய 'போஸ்ட்' என்பதிலேயே வந்து சேர்கின்றன. பேச்சுத் தமிழில் 'ஃபோன் பண்ணு', 'புக் பண்ணு' எனப் 'பண்ணு' எல்லா அயற்சொற்களையும் தாங்கிக்கொள்வதை இதனோடு ஒப்பிடலாம். வினை பொதுவாகிவிட்ட நிலையில் பொருளைச் சுமப்பவை பெயர்கள், சிறப்பாக இணைப்பின் உறவுப்பெயர்கள்.

உறவுப்பெயரின் சுமை

'அடுத்தது', 'முந்தையது', 'ஆசிரியர்', 'உரிமம்' போன்ற உறவுப்பெயர்களுக்கு ஐயானா என்னும் அமைப்பு பொதுப் பதிவேடு ஒன்றைப் பேணுகிறது. இணைப்புகளை எழுதும் நெறி 2010இல் வகுக்கப்பட்டு 2017இல் திருத்தப்பட்டது. இவற்றுள் மொழிபெயர்ப்போடு நேரே தொடர்புடையது 'மாற்று வடிவம்' எனப் பொருள்படும் 'ஆல்டர்னேட்'. இணைப்பின் மறுமுனையிலுள்ள பனுவல் எம்மொழியினது என்பதைக் குறிக்கவும் அந்நெறியில் இடமுண்டு. ஆகவே மராத்திப் பக்கமொன்று, இதன் மாற்று வடிவம் தமிழில் இன்ன முகவரியில் உள்ளது எனத் தானே அறிவிக்க இயலும். வாங்கி அம்முகவரியை முன்னரே அறிந்திருக்கத் தேவையில்லை. 'மாற்று வடிவம்' என்னும் உறவையும் தமிழுக்குரிய 'டிஏ' என்னும் குறியையும் அறிந்திருந்தால் போதும்.

ஆனால் மாற்று வடிவம் என்னும் உறவு இருபுறமும் ஒத்தது. எது மூலம், எது பெயர்ப்பு என்பதை அது சொல்வதில்லை. செய்யுள் நூலுக்கோ சமையற்குறிப்புக்கோ இதனால் பெருங்கேடு இல்லை. அரசாணைக்கும் அறிவிப்புக்கும் நிலைமை வேறு. மகாராட்டிர ஆட்சிமொழிகள் சட்டம் 1964இன்படி அம்மாநிலத்தின் ஆட்சிமொழி மராத்தி. அம்மொழியில் வெளியாகும் அறிவிப்பே செல்லுபடியாகும் பனுவல். தமிழ் வடிவம் புரிந்துகொள்ளத் துணையாவது. இரண்டையும் ஒன்றற்கொன்று மாற்று எனக் குறித்தால், தமிழ் வடிவத்தை மட்டும் படித்தவர் அதையே சான்றாகக் கொண்டு அலுவலகத்திற்குச் செல்லக்கூடும். ஸ்கீமா.ஆர்க் என்னும் பொதுச் சொற்றொகுதியில் 'இப்படைப்பின் மொழிபெயர்ப்பு' என்பதற்கும், 'இது இன்னதன் மொழிபெயர்ப்பு' என்பதற்கும் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. திசையுள்ள இவ்விணைப் பெயர்களே மொழிபெயர்ப்பாளர் கருத்துக்கு இயைந்தவை. ஒரு சொல்லைத் தேர்வதில் நேரும் இச்சிறு வேறுபாட்டை நிரலர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பெயர் எதுவாயினும் நிரல் ஓடும் என்பதே காரணம்.

பாஷிணி: அரைவழி மீயூடகம்

இந்திய மொழிகளுக்கிடையிலான கோரிக்கைகளுக்கு இன்று அருகிலுள்ள எடுத்துக்காட்டு, நடுவண் அரசின் பாஷிணி. 2022 சூலையில் தொடங்கிவைக்கப்பட்ட இத்திட்டம் பேச்சை எழுத்தாக்கல், மொழிபெயர்த்தல், எழுத்தைப் பேச்சாக்கல் ஆகிய பணிகளைத் தனியாகவோ தொடராகவோ செய்து தருகிறது. இதில் கேட்கும் முறை இரு கட்டங்களாக அமைந்துள்ளது. முதற்கட்டத்தில் வாங்கி ஒரு நிலையான முகவரிக்குச் சென்று, தனக்கு வேண்டிய பணி மொழிபெயர்ப்பு, மூலமொழி மராத்தி, இலக்குமொழி தமிழ் என்று மட்டும் கூறுகிறது. மொழிபெயர்க்க வேண்டிய பனுவலை அனுப்புவதில்லை. வரும் மறுமொழியில் அப்பணியைச் செய்யவல்ல சேவையின் அடையாளம், அடுத்து அணுக வேண்டிய முகவரி, அங்கே காட்ட வேண்டிய திறவுகோல், அத்திறவுகோலை எந்தப் பெயரில் காட்டுவது என்னும் விவரம் ஆகியன இருக்கும். இரண்டாம் கட்டத்தில் வாங்கி அம்முகவரிக்குச் சென்று பனுவலைத் தருகிறது.

வார்டு அலுவலகச் சீட்டு இங்குத் தெளிவாகவே காணப்படுகிறது. மொழிபெயர்ப்பைச் செய்யும் பொறி நாளை வேறோரிடத்திற்கு மாறினாலும், அதனினும் சிறந்த வேறொன்று அமர்த்தப்பட்டாலும், சீட்டைப் படிக்கும் வாங்கி தடையின்றி இயங்கும். சீட்டைப் படிக்காமல் இரண்டாம் முகவரியை நிரலிலேயே எழுதிக்கொண்ட வாங்கி நின்றுவிடும். எனினும் இதனை முழுமையான மீயூடகம் எனல் இயலாது. அடுத்து எங்கே செல்வது என்பதைச் சொல்லும் மறுமொழி, அங்கே நிரப்ப வேண்டிய படிவத்தின் அமைப்பைச் சொல்வதில்லை. அதனை நிரலர் ஆவணங்களைப் படித்து அறிந்து, முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். மேசை எண் சீட்டில் இருக்கிறது; படிவம் இல்லை.

மொழியைக் குறிக்கும் புலத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். தமிழுக்கு 'டிஏ', மராத்திக்கு 'எம்ஆர்' என்னும் ஈரெழுத்துக் குறிகள் பன்னாட்டுத் தரநிலையிலிருந்து எடுக்கப்பட்டவை. எழுத்துமுறைக்கு நான்கெழுத்துக் குறிகள் தனியே உண்டு. இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என நாட்டுவழிப் பிரிக்கவும் பன்னாட்டு நெறி இடந்தருகிறது. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரின் வழிவந்த தாராவித் தமிழையும், அலுவலகப் பணிக்கு வந்து குடியமர்ந்தோரின் மாட்டுங்காத் தமிழையும் வேறுபடுத்த அதில் குறியில்லை. அவ்வேறுபாடு வேண்டுமா என்பதே ஐயத்திற்குரியது என்பார் உளர். சட்ட அறிவிப்பைப் படிக்கும் தேவை எழும்போது அவ்வையம் நீங்கும்.

ஓர் அறிவிப்பின் நான்கு சொற்கள்

தாராவி மறுவளர்ச்சித் திட்டத்திற்கான வீடுவாரிக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. மகாராட்டிரக் குடிசைச் சீரமைப்பு விதிகளில் 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஒரு முதன்மையான எல்லைநாள். அதற்கு முன்பிருந்தே குடியிருந்தவர்க்கும் பின்னர் வந்தவர்க்கும் உரிமைகள் வேறு. தரைத்தளத்தில் இருப்போர்க்கும் மேல்தளத்தில் இருப்போர்க்கும் வேறு. இத்தகைய திட்டங்களில் தகுதியுடையோர், தகுதியற்றோர் பட்டியல்கள் வெளியிடப்படும். மறுப்புக் கூறக் காலவரம்பும் குறிக்கப்படும். இவ்வகை மராத்தி அறிவிப்பொன்று மேற்கூறிய இருகட்டக் கோரிக்கையின்வழித் தமிழுக்கு வருகிறது எனக் கொண்டு, அதில் இடம்பெறக்கூடிய சில சொற்களை நோக்கலாம்.

மராத்தியில் 'பாத்ர்' என்பது தகுதியுடையவர். 'அபாத்ர்' என்பது தகுதியற்றவர். தமிழில் அதே வடசொல் 'பாத்திரம்' ஆகிக் கலத்தையும் நாடக மாந்தரையும் குறிக்கிறது. 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்னும் பழமொழியில் தகுதி என்னும் பழம்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் இன்றைய வாசகர் அங்கும் கலத்தையே எண்ணுகிறார். 'ஹர்கத்' மராத்தியில் மறுப்பு, ஆட்சேபணை. இந்தியில் அசைவு, தகாத செய்கை. மராத்தியிலிருந்து தமிழுக்கு நேரே செல்லாமல் இடையில் வேறொரு மொழியின்வழிச் செல்லும் பொறியில் இச்சொல் திரிய வாய்ப்பு மிகுதி. மறுப்புக் கூறுவதற்கான கடைசி நாள், குற்றம் புரிந்த நாளாக மாறினால் குடும்பம் ஒன்றின் வீடு கைநழுவும். 'போட்மாளா' என்பது அறையின் உயரத்திற்குள்ளேயே எழுப்பிய இடைத்தளம். அகராதிவழி இதனைப் 'பரண்' என்றால் பொருள் வைக்கும் இடமாகிறது. 'மாடி' என்றால் தனித்தளமாகிறது. தாராவியில் அவ்விடத்தில் மனிதர் வாழ்கின்றனர். அது தளமா பரணா என்பதைப் பொறுத்தே விதி பொருந்தும்.

இவ்விடர்களைக் களையத் தேவையான செய்திகள் மூன்று: பனுவலின் துறை சட்டம் என்பது, பெயர்ப்பு இடைமொழிவழி நடந்ததா என்பது, கலைச்சொற்களுக்கு உறுதிசெய்யப்பட்ட பட்டியல் ஒன்று உண்டா என்பது. பாஷிணி ஆவணங்கள் காட்டும் அடிப்படை மொழிபெயர்ப்புக் கோரிக்கையில் மொழியும் எழுத்துமுறையும் சேவை அடையாளமுமே இடம்பெறுகின்றன. அமைப்பு வரையறையில் புலம் இல்லாத ஒன்றை, எவ்வளவு திறமையான வாங்கியாலும் கேட்க முடியாது. எவ்வளவு திறமையான பொறியாலும் அதனைச் சொல்ல முடியாது. இக்குறை பொறியின் குறை எனவே பொதுவாகக் கருதப்படுகிறது. பொறியை மாற்றினால் தீருவது ஒரு பகுதியே. படிவத்தில் இடம் ஒதுக்கினால்தான் எஞ்சியது தீரும். அவ்விடங்கள் எவை எனக் கூறத்தக்கோர் மொழிபெயர்ப்பாளரே. மீயூடக முறையின் ஒரு நன்மை இங்கு வெளிப்படும். மறுமொழியே வரையறையைச் சுமந்து வருமாயின், 'துறை' என்னும் புதிய புலத்தை வழங்கி இன்று சேர்த்தால், வரையறையைப் படிக்கும் வாங்கிகள் நாளையே அதைப் பயனருக்குக் காட்டிக் கேட்கும். முகவரியும் படிவமும் நிரலில் உறைந்துவிட்டால், ஒவ்வொரு வாங்கியையும் தனித்தனியே திருத்த வேண்டியிருக்கும்.

மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. அவற்றில் பயின்றோர் தமிழ் எழுத்தைப் படிப்பர். பிற பயிற்றுமொழிகளில் பயின்ற இளைய தலைமுறையினருள் தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்து அறியாதோர் உளர். அவர்களுக்கு வேண்டுவது எழுத்தன்று, ஒலி. அவர்கள் தம் ஐயத்தைப் பேசிக் கேட்டு விடையையும் செவியால் பெற வேண்டுமானால், பேச்சை எழுத்தாக்கலும் மொழிபெயர்ப்பும் எழுத்தைப் பேச்சாக்கலும் ஒரே தொடராகக் கோரப்பட வேண்டும். அத்தொடரில் நான்காவது சொல் ஒன்று எழுகிறது. மும்பைத் தமிழில் அறைக்கு வழங்கும் சொல் 'கோலி', மராத்தியிலிருந்து வந்தது. "எங்க கோலி லிஸ்ட்டுல இருக்கா?" என்று ஒருவர் கேட்டால் முதற்பணி அதனைப் பிழையின்றி எழுத்தாக்கவும் கூடும். அடுத்த பணியிடம் அது சிறுவர் ஆடும் கோலிக்குண்டாகச் சென்று சேரும். முதற்பணியிலிருந்து இரண்டாவதற்குக் கைமாறுவது எழுத்துத் தொடர் மட்டுமே. அச்சொல் எம்மொழியிலிருந்து வந்தது என்பதைக் குறிக்க அங்கே ஒரு புலம் இல்லை.